எதில் எழுதினால் நிற்கும்: அமெரிக்க விமானிகளின் ஒப்பந்த வரலாறு

2022 நவம்பரில் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் விமானிகள், தங்கள் சங்கத் தலைவர்களே பேசி முடித்துக்கொண்டு வந்த ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். எதிராக விழுந்தவை 94 சதவீத வாக்குகள். ஒன்றரை ஆண்டுக்குள் 14 சதவீதத்துக்கு மேல் சம்பள உயர்வு தருவதாகச் சொன்ன ஒப்பந்தம் அது. பெரிய விமானத்தின் கேப்டன் ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல் வாங்கும் நிறுவனத்தில் இப்படி நடந்தால், 'இவர்களுக்கு இன்னும் என்னதான் வேண்டும்?' என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அடுத்த செப்டம்பரில் 40 சதவீதம் வரை உயர்வு தரும் ஒப்பந்தத்தை அதே விமானிகள் 97 சதவீத ஆதரவோடு ஏற்றுக்கொண்டதும் விடை கிடைத்துவிட்டதாகவும் தோன்றும்: அதிகம் கேட்டார்கள், பொறுத்திருந்தார்கள், வாங்கிவிட்டார்கள். இந்த விடை பாதிதான் சரி. முதல் ஒப்பந்தத்தின் மேல் எழுந்த கோபத்தில் கணிசமான பங்கு சம்பளத்தைப் பற்றியதல்ல. ஓய்வு நாளில் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பலாமா, போட்ட ரோஸ்டரைக் கடைசி நேரத்தில் மாற்றலாமா என்பது போன்ற விதிகளைப் பற்றியது. அந்தத் தொழிலின் நூறு ஆண்டு வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. விமானிகளின் ஒப்பந்தத்தில் சம்பள வரியை வெல்வது எளிது, இழப்பது அதைவிட எளிது. ஒன்று எத்தனை காலம் நிற்கும் என்பதை அதன் தொகை தீர்மானித்ததில்லை. அது எதில் எழுதப்பட்டது, அதற்கு வாக்களித்தவர்கள் யார் என்ற இரண்டுமே தீர்மானித்திருக்கின்றன.

அமெரிக்க அஞ்சல் துறை 1918இல் விமானத்தில் கடிதம் அனுப்பத் தொடங்கியது. துறையே விமானங்களையும் விமானிகளையும் வைத்துக்கொண்டு 1927 வரை நடத்திய அந்தச் சேவையில் முப்பதுக்கும் மேற்பட்ட விமானிகள் உயிரிழந்தார்கள். ஆற்றையும் ரயில் தண்டவாளத்தையும் கண்ணால் பார்த்தே வழி பிடித்த காலம். அஞ்சல் துறையில் இச்சேவையின் பொறுப்பாளர் ஆட்டோ பிரேகர், ரயில் போல விமானமும் குறித்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்பதில் பிடிவாதமானவர். 1919 ஜூலையில் நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க் களத்தில் மூடுபனி இறங்கியிருந்தபோது இரண்டு விமானிகள் கிளம்ப மறுத்தார்கள். வேலை போயிற்று. மற்ற விமானிகள் வண்டியை எடுக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். சில நாட்களில் சமரசம் ஆனது. அதன்படி, பறக்கலாமா கூடாதா என்பதைக் களத்தின் மேலாளர் வானிலையைப் பார்த்து முடிவு செய்வார். விமானி ஒப்பாவிட்டால் மேலாளரே ஒருமுறை மேலே போய்ப் பார்த்துவர வேண்டும். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியாவிட்டால் தபால் மூட்டை வைக்கும் இடத்தில் உட்கார்ந்து கூடவே போக வேண்டும். முடியாது என்று சொல்லும் உரிமை யாருடையது என்ற கேள்விக்கு இதைவிட நேர்த்தியான விடையை எந்த நீதிபதியும் எழுதியிருக்க முடியாது. ஆணையிடுபவரின் உடம்பையும் அதே மூடுபனிக்குள் ஏற்றிவிடும் விடை அது. ஆனால் அது ஒரு துறைக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. 1920களின் நடுவில் கடிதப் போக்குவரத்து தனியார் கம்பெனிகளின் கைக்கு மாறியபோது அதைக் கேட்பாரில்லை.

தனியார் கம்பெனிகள் அஞ்சல் துறையின் சம்பள முறையைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டன: ஓர் அடிப்படைத் தொகை, பறந்த மைலுக்கு இத்தனை சென்ட், இரவானால் அது இரட்டிப்பு. பொருளாதார மந்தம் வந்ததும் அதில் கத்தி வைத்தார்கள். 1931 ஜூலையில் சிகாகோவில் டேவிட் பென்கி என்ற விமானியின் முயற்சியில் ஏர்லைன் பைலட்ஸ் அசோசியேஷன் பிறந்தது. உறுப்பினர் என்று தெரிந்தால் வேலை போகும் என்பதால் தொடக்கத்தில் பெயர்களை மறைத்தே வைத்திருந்தார்கள். ஆறே மாதத்தில் சோதனை வந்தது. கார் வியாபாரத்தில் பணம் பண்ணிய ஈ. எல். கார்ட் தன் செஞ்சுரி ஏர்லைன்ஸ் விமானிகளின் சம்பளத்தைக் கடுமையாக வெட்டினார். எதிர்த்தவர்களை 1932 பிப்ரவரியில் வாசலிலேயே நிறுத்திவிட்டு வேறு ஆட்களை எடுத்தார். அன்றைக்கு வேலையில்லாத விமானிகளுக்குப் பஞ்சமில்லை. களத்தில் நின்று மோதியிருந்தால் சங்கம் அங்கேயே முடிந்திருக்கும். பென்கி வாஷிங்டனுக்குப் போனார். பிற்பாடு நியூயார்க் மேயரான லாகார்டியா அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். அவர் விமானிகளுக்காக அவையில் முழங்கினார். கார்ட் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அரசின் தபால் ஒப்பந்தம். அது கிடைக்காது என்று தெரிந்ததும் கம்பெனியைக் கைமாற்றிவிட்டார். தெருவில் தோற்கிற சண்டையைத் தலைநகரில் ஜெயிக்கலாம் என்று சங்கம் அன்று கற்றுக்கொண்டது.

1933இல் வந்த சண்டை சம்பளத்தைப் பற்றியதுதான். ஆனால் அடியில் இருந்த கேள்வி பெரிது. பழைய ஃபோர்டு விமானம் மணிக்கு நூறு மைல் சுமாருக்குப் போனது. புதிய போயிங் 247, டக்ளஸ் விமானங்கள் அதைவிட ஐம்பது, அறுபது மைல் கூடுதலாகப் போயின. மைல் கணக்கில் சம்பளம் என்றால் அதே ஒரு மணி நேரத்துக்கு விமானிக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். பெரிய கம்பெனிகள் ஒன்று கூடி, இனி மணிக்கணக்கில்தான் சம்பளம் என்றன. இயந்திரத்தை வாங்கியது நாங்கள், வேகத்தின் லாபம் எங்களுக்கு என்பது அவர்கள் வாதம். கூடுதல் வேகத்தோடு கூடுதல் பயணிகளின் உயிரும் எங்கள் கையில் இருக்கிறது என்பது விமானிகளின் வாதம். பென்கி வழக்கைத் தேசியத் தொழிலாளர் வாரியத்துக்குக் கொண்டுபோனார். 1934 மே மாதம் வாரியம் தந்த 83ஆம் எண் தீர்ப்பு இரண்டையும் கலந்தது: பணிக்காலத்தைப் பொறுத்த அடிப்படைச் சம்பளம், விமானத்தின் வேகத்தைப் பொறுத்த மணிக்கூலி, அதன்மேல் கொஞ்சம் மைல் கணக்கு. மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்றும் சொன்னது. தீர்ப்பு வந்த வேளை விமானிகளுக்கு வாய்ப்பாக அமைந்தது. தபால் ஒப்பந்தங்களில் ஊழல் என்று சொல்லி ரூஸ்வெல்ட் அவற்றை அந்தப் பிப்ரவரியில்தான் ரத்து செய்திருந்தார். ராணுவ விமானிகளைத் தபால் சுமக்க அனுப்பி, பத்துக்கும் மேற்பட்டவர்கள் பனியிலும் புயலிலும் செத்துப்போயிருந்தார்கள். புதுச் சட்டம் எழுதியாக வேண்டிய நெருக்கடி. அந்த 1934 ஜூன் சட்டத்துக்குள் 83ஆம் தீர்ப்பு நுழைந்தது: தபால் ஒப்பந்தம் வேண்டுமென்றால் தீர்ப்பை மதிக்க வேண்டும். 1938இன் விமானப் போக்குவரத்துச் சட்டத்திலும் அது தொடர்ந்தது. வேகத்தோடு எடையும் பிற்பாடு கணக்கில் சேர்ந்தது. இன்றைக்கும் போயிங் 777 கேப்டனின் மணிக்கூலி 737 கேப்டனுடையதைவிடக் கூடுதலாக இருக்கிறதென்றால், அந்த ஏற்றத்தாழ்வின் வேர் 1934இல் இருக்கிறது.

1936இல் ரயில்வே தொழிலாளர் சட்டம் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. இதன் கீழ் ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. குறித்த தேதிக்குப் பிறகு 'திருத்தத் தக்கது' ஆகிறது, அவ்வளவுதான். புதியது முடிவாகும்வரை பழையதே ஓடும். சமரச வாரியம் கைவிட்டால் ஒழிய வேலைநிறுத்தம் கிடையாது. கைவிட்ட பிறகும் முப்பது நாள் பொறுக்க வேண்டும். அதன் பிறகும் ஜனாதிபதி தலையிடலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கிளின்டன் நிறுத்திவைத்தார். அமெரிக்கன் ஏர்லைன்ஸ்தான் 1939இல் விமானிகளோடு முதல் முழு ஒப்பந்தம் போட்ட கம்பெனி என்பது ஒரு வேடிக்கை.

சீனியாரிட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தனை புயலிலும் கலையாமல் நின்ற ஒரே ஒப்பந்த விதி அதுதான். வேலையில் சேர்ந்த தேதிப்படி ஒவ்வொரு விமானிக்கும் ஓர் எண். எந்த விமானம், இடது இருக்கையா வலது இருக்கையா, எந்த ஊர், எந்த நாட்களில் விடுப்பு, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வீட்டுக்கு என்று எல்லாவற்றையும் அந்த எண் தீர்மானிக்கும். மேலாளரின் தயவு தேவையில்லை. வானிலையைக் காரணம் காட்டி மறுத்தவரை மட்டமான ரோஸ்டர் போட்டுப் பழிவாங்க முடியாது. 1919இன் பிரச்சினைக்கு இதுவே நிரந்தரத் தீர்வு என்று சொல்லலாம். ஆனால் அந்த எண் ஒரு கம்பெனிக்குள் மட்டுமே செல்லும். இருபது ஆண்டு அனுபவமுள்ள கேப்டன் வேறு கம்பெனிக்குப் போனால், ரேஷன் கடை வரிசையை விட்டு வெளியே போனவர் மாதிரி, கடைசியில் போய்த்தான் நிற்க வேண்டும். அதனால் நல்ல விமானி மோசமான கம்பெனியை விட்டு ஓடிவிட முடியாது. திவால் நீதிமன்றங்கள் சம்பளத்தையும் பென்ஷனையும் கிழித்தபோதும் சீனியாரிட்டி பிழைத்ததற்கு விமானிகளின் பலம் மட்டும் காரணமல்ல. அது முதலாளிக்கும் வசதியாக இருந்தது. 2005இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தபோது இரண்டு பட்டியலை எப்படிக் கோப்பது என்று நடுவர் 2007இல் தீர்ப்பளித்தார். பழைய யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் அதை ஏற்கவில்லை; தீர்ப்பைத் தடுக்கத் தங்கள் தேசியச் சங்கத்தையே வாக்கெடுப்பில் வெளியேற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பல ஆண்டுகள் வழக்கில் எதிரெதிராக நின்றார்கள்.

1978இல் அரசு கட்டண நிர்ணயத்தை விட்டு விலகியது. அதுவரை கூடும் சம்பளத்தை டிக்கெட் விலையில் ஏற்றிவிடலாம், அரசும் ஒப்புதல் தரும், இனி முடியாது. 1983 செப்டம்பரில் கான்டினென்டல் ஏர்லைன்ஸை வைத்திருந்த பிராங்க் லொரென்சோ திவால் மனு போட்டார், தொழிற்சங்க ஒப்பந்தங்களைக் கிழித்தார், மூன்றே நாளில் பாதிச் சம்பளத்தில் விமானங்களை மறுபடி கிளப்பினார். விமானிகளின் வேலைநிறுத்தம் இரண்டு ஆண்டு இழுத்துத் தோற்றது. அதே ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டல் இதைவிட நாசூக்கான வழி கண்டுபிடித்தார். இருப்பவர்களின் சம்பளத்தைத் தொடமாட்டோம். இனிமேல் சேரப்போகிறவர்களுக்குத்தான் குறைந்த அட்டவணை, ஏறத்தாழப் பாதி. 'பி ஸ்கேல்' என்று அதற்குப் பெயர். ஒப்பந்தத்துக்கு வாக்களித்த யாருக்கும் ஒரு சென்ட் இழப்பில்லை. இழக்கப்போகிறவர்கள் அப்போது விமானப் பயிற்சிப் பள்ளியில் இருந்தார்கள், அல்லது ராணுவத்தில். விமானிகள் ஒப்பந்தத்தை எடைபோட்ட வரலாற்றில் இந்த வாக்குதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. வாக்கில்லாதவர் தலையில் சுமையை ஏற்றும் பழக்கம் அதோடு நிற்கவில்லை.

1985 மே மாதத்தில் யுனைட்டெட்டும் பி ஸ்கேல் கேட்டபோது விமானிகள் 29 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முன்பே கம்பெனி 570 புதிய விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்துத் தயாராக வைத்திருந்தது. வேலைநிறுத்தம் தொடங்கியதும் உள்ளே வந்து ஓட்டுவார்கள் என்ற கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வரவில்லை. முதல் நாள் சம்பளம்கூடக் கையில் வாங்காதவர்கள், சங்க உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள், தங்களை இதுவரை பார்த்திராத கேப்டன்களுக்காக வாசலுக்கு வெளியே நின்றார்கள். பழைய விமானிகளுக்கும் அது உறைத்தது: சம்பளம் பேசி முடிந்த பிறகும், அந்த 570 பேரின் வேலை முடிவாகாமல் உள்ளே போக மாட்டோம் என்று வேலைநிறுத்தத்தை நீட்டினார்கள். அவர்கள் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பி ஸ்கேல் காலவரம்போடு யுனைட்டெட்டில் நுழையத்தான் செய்தது. அதை ஒழித்தது மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எண்ணிக்கை ஒழித்தது. சில ஆண்டுகளில் குறைந்த சம்பளக்காரர்களே பெரும்பான்மை வாக்காளர்கள் ஆனார்கள். 1990களில் அது தேய்ந்து மறைந்தது.

வாசலுக்கு உள்ளே மறைந்தது வெளியே வேறு பெயரில் முளைத்தது. ஒவ்வொரு பெரிய கம்பெனியின் ஒப்பந்தத்திலும் முதல் பகுதி, கம்பெனியின் பெயரில் பறக்கும் விமானங்களை அதன் சொந்த சீனியாரிட்டிப் பட்டியலில் உள்ளவர்களே ஓட்ட வேண்டும் என்று சொல்லும். 'ஸ்கோப்' என்பார்கள். அதில் சிறிய விமானங்களுக்கு மட்டும் விலக்கு. ஐம்பது இருக்கை ஜெட் வந்தபோது, அதில் குறைந்த சம்பளத்துக்கு ஓட்டப் பெரிய கம்பெனி விமானிகள் யாரும் விரும்பவில்லை. துணைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்கள். 2000களின் திவால் காலத்தில் தங்கள் சம்பள வெட்டைக் கொஞ்சம் குறைக்க, வரம்பை எழுபது, எழுபத்தாறு இருக்கை என்று தளர்த்தினார்கள். விளைவு, டிக்கெட்டில் ஒரு பெயர், விமானத்தின் வாலில் அதே வண்ணம், காக்பிட்டில் மூன்றில் ஒரு பங்கு சம்பளத்துக்கு வேறு கம்பெனி ஆள். இந்த விதியின் பிடி எத்தனை இறுக்கமானது என்பதற்கு ஒரு விமானமே சாட்சி. எழுபது இருக்கை போடக்கூடிய பம்பார்டியர் சிஆர்ஜே 700இன் உடம்பை எடுத்து, அதில் ஐம்பதே இருக்கை போட்டு, மிச்சமான இடத்தில் வாசலருகே பெட்டி வைக்கும் அலமாரிகளும் தின்பண்ட மேசையும் அமைத்து, சிஆர்ஜே 550 என்று பெயரிட்டு 2019இல் யுனைட்டெட் பெயரில் பறக்கவிட்டார்கள். பயணிக்கு அது சொகுசு. காரணம் ஒப்பந்தத்தில் இருக்கும் ஓர் எண்ணிக்கை. எம்ப்ரேயரின் புதிய 175 இ2, 86,000 பவுண்டு என்ற எடை வரம்பைத் தாண்டிவிட்டதால் அந்தச் சந்தைக்குள் நுழையவே முடியவில்லை. பிரேசிலில் வடிவமைத்த விமானத்தை சிகாகோவிலும் அட்லான்டாவிலும் எழுதிய ஒரு பத்தி நிறுத்திவைத்திருக்கிறது.

சம்பள வரி எத்தனை மெலிது என்பதை 2000இலிருந்து 2006 வரையிலான ஆறு ஆண்டுகள் காட்டின. 2000 கோடையில் யுனைட்டெட் விமானிகள் ஓவர்டைம் பறக்க மறுத்தார்கள். ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. அந்த ஆண்டே தொழிலின் உச்சச் சம்பளம் கிடைத்தது. 2001இல் டெல்டா விமானிகள் அதையும் தாண்டினார்கள். அந்த ஆண்டின் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு எல்லாம் கவிழ்ந்தது. 2004இல் டெல்டா விமானிகள் 32.5 சதவீத வெட்டுக்குக் கையெழுத்திட்டார்கள். யுனைட்டெட்டின் கதை இன்னும் கசப்பு: 1994இல் ஊழியர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து கம்பெனியின் 55 சதவீதப் பங்குகளை வாங்கியிருந்தார்கள், 2002 டிசம்பரில் திவால் ஆனதும் பங்குகள் வெறும் தாளாயின. 2005இல் அதன் பென்ஷன் திட்டங்களை அரசின் காப்புறுதி நிறுவனத்தின் தலையில் கட்டினார்கள். அந்நிறுவனம் தரும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு; 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு முழு வரம்பு, முன்னதாக ஓய்வு பெற்றால் குறையும். விமானி 60 வயதில் ஓய்வு பெற்றே ஆக வேண்டும் என்பதும் அப்போது அதே அரசின் விதி. ஒரு கை அறுபதில் இறக்கிவிட்டது, மறு கை சீக்கிரம் இறங்கினாய் என்று சொல்லித் தொகையைக் குறைத்தது. 2009இல் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரைக் காப்பாற்றிய சல்லன்பெர்கர், அடுத்த மாதம் நாடாளுமன்றக் குழுவின் முன் தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் பென்ஷன் போனதையும்தான் பேசினார்.

அதே 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே ஒரு துணைக் கம்பெனி விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து விமானம் தாங்குதிறனை இழக்கத் தொடங்கியதை எச்சரிக்கைக் கருவி சொன்னபோது கேப்டன் செய்த தவறே நேரடிக் காரணம். ஆனால் விசாரணையில் வேறு சங்கதிகளும் வெளிவந்தன. துணை விமானி முந்தைய ஆண்டில் ஈட்டியது 20,000 டாலருக்கும் குறைவு. நியூவார்க்கில் வேலை, வீடு சியாட்டில் பக்கம். இரவெல்லாம் நாட்டின் குறுக்கே வேறு விமானங்களில் வந்து பணிக்குச் சேர்ந்திருந்தார். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனை விட்டு நகரவில்லை. 2010இல் சட்டம் வந்தது: பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும், வேலை நேரத்தையும் ஓய்வையும் உடலின் இரவு பகல் கணக்குப்படி வகுத்த புதிய விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. சங்கங்கள் பேச்சுவார்த்தையில் பல்லாண்டு கேட்டும் கிடைக்காத ஓய்வு, சட்டமானதும் ஒரே நாளில் எல்லாக் கம்பெனிக்கும் வந்தது. சரக்கு விமானங்களை மட்டும் செலவுக் கணக்குச் சொல்லி விட்டுவிட்டார்கள். பெட்டிகளோடு இரவு முழுக்கப் பறப்பவருக்கும் தூக்கம் வரும் என்பதை அந்தக் கணக்கு கவனிக்கவில்லை. 1,500 மணி நேர விதி புதியவர்களின் வரத்தைக் குறைத்தது. தொற்றுக்காலத்தில் டெல்டாவில் மட்டும் ஏறத்தாழ 1,800 மூத்த விமானிகள் முன்கூட்டியே ஓய்வு பெற்றிருந்தார்கள். 2022இல் துணைக் கம்பெனிகளே முதல் ஆண்டு விமானிக்கு மணிக்கு 90 டாலர் தர வேண்டிவந்தது. சங்கம் மேசையில் வாங்கித் தராத சம்பளத்தைச் சட்டம் சுற்றுவழியில் வாங்கித் தந்தது.

பாதுகாப்பு என்ற பெயரில் விமானிகள் தங்கள் வயிற்றைத்தான் கவனிக்கிறார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. போயிங் 737 இருவர் ஓட்டுவதற்கென்றே வடிவமைத்த விமானம். ஆனால் 1968 முதல் யுனைட்டெட்டில் சங்கத்தின் வற்புறுத்தலால் மூன்றாவது விமானி ஒருவர் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தார். அவருக்கு அங்கே பெரிய வேலை எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 1981இல் ஜனாதிபதி அமைத்த குழு, இருவரே போதும் என்று சொன்னது; அந்த இருக்கை காலியானது. சுயநலம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் இதுவும் நான் சொல்வதற்குத்தான் ஆதாரம். ஆதாரமில்லாத கோரிக்கை ஒப்பந்தத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஒட்டிக்கொண்டிருந்தது, பொது விசாரணைக்கு முன் வந்ததும் விழுந்தது. ஓய்வு நேரக் கோரிக்கை அதே விசாரணையைத் தாண்டி நின்றது. சுயநலமும் பொதுநலமும் ஒரே கோரிக்கைக்குள் கலந்திருக்கும்போது பிரித்துச் சலிக்கும் இடம் சம்பளப் பேச்சு அறை அல்ல.

இன்னொரு மறுப்பு இன்னும் வலுவானது: சட்டம் மட்டும் என்ன கல்வெட்டா? இந்தியாவைப் பார்த்தாலே போதும். விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையைக் குறைத்து விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் விதி வெளியிட்டது. கம்பெனிகள் எதிர்த்ததில் தள்ளிப்போனது. சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக வந்தது. டிசம்பரில் இண்டிகோ போதிய விமானிகள் இல்லாமல் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்களை ரத்து செய்தது. உடனே அந்தக் கம்பெனிக்கு இரவு விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு. சட்டமும் வளையும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். ஆனாலும் வளைந்த விதம் வேறு. அந்த விலக்கு ஊரறியக் கொடுக்கப்பட்டது, அதற்கு முடிவுத் தேதி இருந்தது, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. இதோடு 2024இல் விஸ்தாராவில் நடந்ததை வைத்துப் பாருங்கள்: ஏர் இந்தியாவோடு இணையும் முன் புது ஒப்பந்தத்தில் மாதத்துக்கு உறுதி செய்த சம்பள நேரம் 70 மணியிலிருந்து 40 ஆனது. விமானங்கள் ரத்தாகி விமான நிலையங்களில் கூட்டம் சேர்ந்த பிறகே வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரியவந்தது.

2023இல் வந்த பெரிய உயர்வுகள் பொய்யா என்றால், இல்லை. டெல்டாவின் 34 சதவீதமும் மற்றவர்களுடையதும் உண்மையான பணம். டெல்டா ஒப்பந்தத்தில், யுனைட்டெட்டோ அமெரிக்கனோ நம்மைத் தாண்டினால் அதைவிட ஒரு சதவீதம் கூடுதலாக நமக்கு என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனமான வரி. ஏறும்போது மட்டும் வேலை செய்கிற வரியும்கூட. இன்னொரு திவால் அலை வந்தால் நீதிபதியின் மேசைக்கு முதலில் போகப்போவது அதுவே. இதைச் சங்கங்களும் அறியாமல் இல்லை. விமானத் தயாரிப்பாளர்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது, நீண்ட பயணத்தின் நடுப்பகுதியில் காக்பிட்டில் ஒரே விமானி போதாதா என்பது. அதே அளவு பாதுகாப்பு கிடைக்கும் என்று இன்றைய தொழில்நுட்பத்தில் போதுமான அளவு காட்ட முடியவில்லை என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2025இல் அறிக்கை தந்திருக்கிறது. எந்தக் கம்பெனி ஒப்பந்தத்திலும் 'இருவர் வேண்டும்' என்று ஒரு பத்தி எழுதி இதைத் தடுத்துவிடலாம் என்று விமானிகள் நம்பவில்லை. அவர்கள் சங்கத்தின் ஆட்கள் இந்த விஷயத்துக்காக அலைவது வாஷிங்டனிலும், சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு இருக்கும் மான்ட்ரியலிலும்.